வயர் இல்லாத சார்ஜர்: ஊர் ட்ரான்ஸ்பார்மரின் பேரன்

தோசைக்கல்லை விடச் சின்னதாய், வட்டமாய் ஒரு தட்டு. அதன் மேல் செல்போனை வைத்தால் போதும், பின் எதுவும் சொருகாமலே சார்ஜ் ஏறுகிறது! இதற்குப் பெயர்தான் வயர்லெஸ் சார்ஜிங். பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருப்பவர்கூட இன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டால் சில நாட்களில் வீட்டுக்கே வந்துவிடும்.

முதல் முறை பார்க்கும் யாரும் கேட்கும் கேள்வி, "வயரே இல்லாமல் கரண்ட் எப்படிப் போகும்?" என்பதுதான். இதற்கான பதில் புதியது அல்ல. 190 வருடத்துக்கும் மேல் பழையது. அந்தப் பதில் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் இரண்டு கம்பத்துக்கு நடுவில் உட்கார்ந்து "உம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருக்கிறது. ஆம், ட்ரான்ஸ்பார்மர்தான்!

அந்த ட்ரான்ஸ்பார்மர் எப்படி மேசை மேலே ஏறியது, நடுவில் யார் யார் தோற்றுப்போனார்கள், இந்தத் தட்டை வாங்குவதால் நம்ம ஊர்க்காரருக்கு லாபமா நஷ்டமா என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

இரும்பு வளையமும் இரண்டு சுருளும்

மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்டே, அங்கு வந்த புத்தகங்களைப் படித்து விஞ்ஞானி ஆனவர். 1831 ஆகஸ்டில் அவர் ஒரு இரும்பு வளையம் எடுத்து, ஒரு பக்கம் ஒரு கம்பிச் சுருள், எதிர்ப்பக்கம் இன்னொரு சுருள் என்று சுற்றினார். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. முதல் சுருளில் பேட்டரியை இணைத்த அந்த நொடியில், இரண்டாவது சுருளோடு சேர்த்திருந்த காந்த ஊசி ஆடியது. பேட்டரியை எடுத்தபோது மறுபடி ஆடியது. நடுவில் கரண்ட் சும்மா ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மட்டும் ஊசி அசையவில்லை.

இதிலிருந்து கிடைத்த பாடம் ரொம்ப எளிமையானது. ஒரு சுருளில் கரண்ட் மாறிக்கொண்டே இருந்தால் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறும். மாறும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சுருளில் கரண்டை உண்டாக்கும். தொட வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும்.

1885ல் ஹங்கேரி நாட்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த மூன்று பொறியாளர்கள் இதை வைத்து நடைமுறைக்கு ஏற்ற ட்ரான்ஸ்பார்மர் செய்தார்கள். 1886ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி ஒரு சிறு ஊருக்கே இந்த முறையில் விளக்கு ஏற்றிக் காட்டினார். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோகலாம் என்ற நம்பிக்கை இதற்குப் பிறகுதான் வந்தது.

தமிழ்நாட்டில் 1930களில் பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்கள் வந்தன. 1957ல் மின்வாரியம் அமைந்தது. 1962ல் அரியலூருக்குப் பக்கத்திலேயே உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். இப்படி எங்கேயோ உற்பத்தியாகும் மின்சாரம் ஒரு கிராமத்து வீட்டுக்கு வரும் வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். மின் நிலையத்தில் ஒரு ட்ரான்ஸ்பார்மர், வழியில் துணை மின் நிலையங்களில் சில, கடைசியாக 11,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் ஊர் ட்ரான்ஸ்பார்மர். ஒவ்வொன்றிலும் ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்குக் கரண்ட் கம்பி வழியாகப் போவதில்லை, காந்தப்புலம் வழியாகத் தாவுகிறது!

இதோடு முடியவில்லை. சாதாரண செல்போன் சார்ஜருக்குள்ளும் குட்டியாக ஒரு ட்ரான்ஸ்பார்மர் உண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டுக்கும் கையில் இருக்கும் போனுக்கும் நடுவே நேரடிக் கம்பி இல்லாமல் காப்பாற்றுவது அதுதான். ஆக வயர் சார்ஜர் என்று சொல்கிறோமே, அதற்குள்ளேயே ஒரு வயர்லெஸ் இருக்கிறது. வயர்லெஸ் தட்டு செய்யும் வேலை, அந்த ட்ரான்ஸ்பார்மர் போல இன்னொன்றை எடுத்து, இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மேசையிலும் மறு பாதியை போனின் முதுகிலும் வைப்பது. அவ்வளவுதான்.

ஆனால் பிளந்த உடனே ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. இரண்டு சுருளுக்கும் நடுவே இடைவெளி! இதற்குப் பிறகு வரும் கதை முழுவதும் அந்த இடைவெளியோடு மனிதர்கள் போட்ட சண்டைதான்.

பெரிய கனவு கண்ட டெஸ்லா

நிகோலா டெஸ்லா இந்த இடைவெளியைச் சில மில்லிமீட்டரிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டருக்கு நீட்டிவிடலாம் என்று நம்பினார். 1899ல் கொலராடோவில் பெரிய சோதனைகள் செய்தார். 1901ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரத்தைக் கட்ட ஆரம்பித்தார். ஜே.பி.மார்கன் என்ற பெரும் பணக்காரர் பணம் கொடுத்தார். ஆனால் செலவு ஏறிக்கொண்டே போனது, மேற்கொண்டு தர மார்கன் மறுத்துவிட்டார். உலகத்துக்கே கம்பியில்லாமல் மின்சாரம் தரும் என்று சொன்ன கோபுரம், கடைசியில் கடனுக்காக 1917ல் இடிக்கப்பட்டது.

அதே காலத்தில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பியில்லாமல் அலைகளை அனுப்பிச் சுவருக்கு அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். கம்பியில்லாத் தந்தி, ரேடியோ, டிவி, செல்போன் என்று அந்த வழி எங்கேயோ போய்விட்டது. ஏன் ஒன்று ஜெயித்தது, இன்னொன்று தோற்றது?

காரணம் அளவு. செய்தி அனுப்புவதற்கு மிக மிகச் சிறிய சக்தி போதும். டவரிலிருந்து செல்போனுக்கு வந்து சேரும் சிக்னல் ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலிருந்து பேச்சைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரியை நிரப்ப வாட் கணக்கில் சக்தி வேண்டும். காந்தப்புலமோ தூரம் கூடக் கூடப் படுவேகமாக மெலிந்துவிடும். 2007ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மரின் சோல்யாச்சிச் குழுவினர் 2 மீட்டர் தூரத்தில் 60 வாட் பல்பை எரிய வைத்தார்கள். உலகமே ஆச்சரியப்பட்டது. ஆனால் அதில் சுமார் 40 சதவீத சக்திதான் போய்ச் சேர்ந்தது. சுருள்களும் வண்டிச் சக்கரம் மாதிரி பெரியவை!

பின்களின் காலம்

இந்த ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருந்த 2000களில் நம்ம ஊர் கடைத்தெருவில் பின்களின் ராஜ்ஜியம் நடந்தது. நோக்கியாவில் மட்டும் பெரிய பின், சின்ன பின் என்று இரண்டு. சாம்சங்குக்கு ஒன்று, சோனி எரிக்சனுக்கு ஒன்று, மோட்டரோலாவுக்கு வேறொன்று. விசேஷ வீட்டுக்குப் போனால் "யாரிடமாவது சின்ன பின் சார்ஜர் இருக்கா?" என்ற குரல் கேட்காமல் இருக்காது. எதுவும் கிடைக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றி, துணி கிளிப் மாதிரி கவ்விக்கொள்ளும் யூனிவர்சல் சார்ஜரில் மாட்டுவார்கள்.

2009ல் ஐரோப்பாவில் பெரிய நிறுவனங்கள் மைக்ரோ யூஎஸ்பிக்கு ஒப்புக்கொண்ட பிறகு இந்தக் குழப்பம் மெல்லக் குறைந்தது. இப்போது சி டைப் வந்துவிட்டது. வயர்லெஸ் சார்ஜிங்கை விற்க வந்தவர்கள் முதலில் பிடித்துக்கொண்டதும் இந்தப் பின் தொல்லையைத்தான். "பின்னே வேண்டாம், வை, எடு!" என்றார்கள்.

கவரிலிருந்து உடம்புக்குள்

செல்போனில் இதை முதலில் பெரிதாகக் கொண்டுவந்தது பாம் நிறுவனம். 2009ல் வந்த பாம் ப்ரீ போனுக்கு டச்ஸ்டோன் என்று ஒரு சின்னக் கல் மாதிரி சார்ஜர். ஆனால் போனோடு வரும் மூடியை வைத்து அதைப் பயன்படுத்த முடியாது, சுருள் பதித்த தனி மூடி வாங்க வேண்டும். அதாவது வயர்லெஸ் சார்ஜிங் முதலில் போனுக்குள் வரவில்லை, கவருக்குள்தான் வந்தது. அடுத்த வருடமே பாம் நிறுவனத்தை எச்பி வாங்கியது. 2011ல் அந்த போன் வரிசையே நிறுத்தப்பட்டது.

இதற்கு முன்பே 2008 டிசம்பரில் பிலிப்ஸ், சான்யோ, லாஜிடெக் உள்ளிட்ட சில நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தன. எந்தத் தட்டிலும் எந்த போனும் ஏற வேண்டும் என்பது நோக்கம். 2010ல் முதல் விதிமுறை முழுமையாக வெளிவந்தது. அளவு 5 வாட். பெயர் "ச்சீ". சீன மொழியில் உயிராற்றல் என்று பொருளாம்! தமிழில் சொன்னால் யாரையோ திட்டுவது போலத்தான் இருக்கும், ஆனால் இன்று போன் பெட்டியில் பார்க்க வேண்டிய பெயர் அதுதான்.

2012 செப்டம்பரில் நோக்கியா லூமியா 920ஐ அறிவித்தது. சுருள் போனுக்குள்ளேயே இருந்தது. அதோடு வந்த லூமியா 820க்கு மட்டும் பாம் போலவே தனிக் கவர். சாம்சங்கும் 2013ல் காலக்ஸி எஸ்4க்குத் தனியாக சார்ஜிங் கவர் விற்றது, 2015ல் எஸ்6ல் சுருளை உள்ளே வைத்துவிட்டது. ஆப்பிள் 2017ல் ஐபோன் 8, எக்ஸ் இரண்டிலும் அலுமினிய முதுகை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தது. அழகுக்காக மட்டும் அல்ல, உலோகம் குறுக்கே இருந்தால் காந்தப்புலம் உள்ளே போகாது என்பதும் காரணம்.

அந்த 2012ஆம் வருடம் தமிழ்நாட்டில் எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களில் பகலும் இரவும் பல மணி நேரம் மின்வெட்டு. கரண்ட் வந்த ஒரு மணி நேரத்தில் மோட்டார் போட வேண்டும், மாவு அரைக்க வேண்டும், போனுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் பெரம்பலூரில் யாராவது "பின் சொருகுவது கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பின் பிரச்சினையே இல்லை, கரண்ட்தான் பிரச்சினை!

ஸ்ரீபெரும்புதூரின் சார்ஜர் கதை

நோக்கியாவின் மிகப் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று தமிழ்நாட்டில்தான் இருந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கி, பல மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பல குடும்பங்களின் மாதச் சம்பளம் ஒரே நாளில் நின்றது.

அதன் பிறகு நடந்தது சுவாரஸ்யமானது. 2019ல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது சால்காம்ப் என்ற நிறுவனம். அது ஃபின்லாந்தில் தோன்றிய, நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்து வளர்ந்த நிறுவனம்! போன் செய்தவர் போய்விட்டார், சார்ஜர் செய்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன்களும் தயாராகின்றன. முதுகில் சார்ஜிங் சுருளோடு தமிழ்நாட்டிலிருந்தே பெட்டி கட்டி அனுப்புகிறார்கள். வயர்லெஸ் சார்ஜிங் எங்கேயோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று இனிமேல் சொல்ல முடியாது.

இடைவெளியை வென்ற காந்தம்

2017ல் ஆப்பிள் ஏர்பவர் என்ற தட்டை அறிவித்தது. மூன்று கருவிகளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், சார்ஜ் ஏறும் என்றார்கள். 2019 மார்ச்சில் அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது அவ்வளவு கஷ்டம்! சுருளும் சுருளும் நேருக்கு நேர் இல்லாவிட்டால் சக்தி வீணாகிச் சூடாக மாறிவிடும்.

2020ல் வேறு வழி பிடித்தார்கள். ஐபோன் 12ல் சுருளைச் சுற்றி ஒரு வளையமாகக் காந்தங்கள். தட்டே போனை இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடும். மேக்சேஃப் என்று பெயர். 2023ல் இதே காந்த முறையை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக்கி "ச்சீ 2" விதிமுறை வந்தது. டெஸ்லா உலகம் முழுவதும் இடைவெளியைத் தாண்டப் பார்த்தார். கடைசியில் ஜெயித்தவர்கள் இடைவெளியைச் சில மில்லிமீட்டருக்குள் அடக்கியவர்கள்.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த வரலாறு தெரிந்தால் தட்டும் கவரும் வாங்குவது சுலபம். எல்லா விதிகளும் அந்த இடைவெளியிலிருந்துதான் வருகின்றன.

முதலில் போனில் சுருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்த விலை போன்களில் பெரும்பாலும் இருக்காது. தட்டை வாங்கி வந்து வைத்துவிட்டு "ஏறலையே" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அப்படிப்பட்ட போனுக்கு, சி டைப் முனையோடு மெல்லிய தாள் போன்ற சுருள் தனியாகக் கிடைக்கிறது. போனுக்கும் கவருக்கும் நடுவில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் மெதுவாகத்தான் ஏறும், சார்ஜ் ஓட்டையும் அடைபட்டுவிடும்.

கவர் பிளாஸ்டிக், சிலிகான், தோல் எதுவாகவும் இருக்கலாம். சுமார் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. கார் ஸ்டாண்டுக்காக ஒட்டிய இரும்புத் தகடும், விரல் மாட்டும் உலோக வளையமும் ஆகாது. கவருக்குள் சொருகிய ஏடிஎம் கார்டை எடுத்துவிட வேண்டும். தட்டுக்கும் போனுக்கும் நடுவே நாணயமோ சாவியோ சிக்கினால் அது சூடேறும். நல்ல தட்டுகள் இதைக் கண்டுபிடித்துத் தானே நின்றுவிடும், மலிவான போலிகளை நம்ப முடியாது.

இரண்டாவது வெயில். இதுதான் நம்ம மாவட்டங்களுக்கு முக்கியம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. தட்டில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதி போனின் முதுகில் சூடாகவே இறங்குகிறது. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. அதிகம் சூடானால் போனே சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும், சில நேரம் நிறுத்தியும் விடும். ஓட்டு வீட்டில் மதியம் தட்டில் வைப்பதை விட, இரவில் ஃபேன் காற்றுபடும் இடத்தில் வைப்பது பேட்டரிக்கு நல்லது.

மூன்றாவது தூசி. இதில்தான் வயர்லெஸ் ஜெயிக்கிறது! அரியலூர் என்றாலே சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும்தான். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் தந்த கல் அது. அந்தக் கல்லை ஏற்றிப்போகும் லாரிகள் ஓடும் சாலையில் எதன் மேல்தான் மண் படியாது? சார்ஜ் போடும் ஓட்டைக்குள் மாவு மாதிரி தூசி இறங்கி, பின் ஆடி, "இப்படிப் பிடித்தால் ஏறுது, அப்படிப் பிடித்தால் ஏறலை" என்ற நிலை வந்துவிடும். ஓட்டையே தேவைப்படாத சார்ஜர் இங்கே ஆடம்பரம் அல்ல, போனின் ஆயுளைக் கூட்டும் ஒரு வழி. மழையில் நனைந்து ஓட்டையில் ஈரம் இருக்கும்போதும், முதுகைத் துடைத்துவிட்டுத் தட்டில் வைக்கலாம்.

நான்காவது அவசரம். கரண்ட் போய்விடும் என்று தெரிந்தால் வயர்தான் துணை. இன்றைய நடுத்தர விலை போன்களே 60, 80 வாட் வேகத்தில் வயரில் ஏறுகின்றன. தட்டில் பெரும்பாலும் 15 வாட்தான்.

வீணாகும் கரண்ட் எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5,000 மில்லி ஆம்பியர் பேட்டரியில் சுமார் 19 வாட் மணி சக்தி இருக்கிறது. வயரில் ஏற்றினால் சுவரிலிருந்து 23 வாட் மணி அளவுக்கு எடுக்கும், தட்டில் 28, 30 ஆகலாம். தினமும் ஒரு முறை முழுதாக ஏற்றினாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று யூனிட்தான் கூடுதல். ஒரு குடும்பத்தின் கரண்ட் பில்லில் இது தெரியக்கூடத் தெரியாது. ஆகவே வயர்லெஸ் சார்ஜிங் கரண்டைத் தின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

ஆனால் ஒரு போனுக்கு இரண்டு யூனிட் என்றால் ஒரு கோடி போனுக்கு இரண்டு கோடி யூனிட். மின்சாரம் சும்மா வருவதில்லை என்பது அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990களில் கிராமம் கிராமமாக நிலம் எடுக்கப்பட்டது. மின் நிலையம் வரவேயில்லை. முந்திரியும் மற்ற பயிரும் விளைந்த நிலத்துக்காக விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். கடைசியில் நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. ஒரு யூனிட்டுக்குப் பின்னால் யாருடைய கொல்லைக்காடோ இருக்கிறது.

ஆக லாபமா நஷ்டமா? தூசியிலும் ஈரத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு, ஏற்கனவே சுருள் உள்ள போன் வைத்திருப்பவர்களுக்கு லாபம். இதற்காகவே விலை கூடிய புது போன் வாங்குபவர்களுக்கு நஷ்டம். கவர் மெல்லியதாக, போன் நேராக, இடம் குளிர்ச்சியாக இருந்தால் தட்டு தன் வேலையைச் செய்யும். கூடவே ஒரு வயரும் பையில் இருக்கட்டும். ஏனென்றால் அந்தத் தட்டுக்கும் பின்னால் ஒரு வயர் இருக்கிறது, அது சுவருக்குப் போகிறது, சுவரிலிருந்து கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து ஊர் எல்லை ட்ரான்ஸ்பார்மருக்கு. அங்கே ஃபியூஸ் போனால் தாத்தாவும் பேரனும் சேர்ந்தேதான் தூங்குவார்கள்!